மே மாத ரன்ஆஃபில் யாருக்கு ஓட்டு? டெக்சஸின் புதுக் குடிமக்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததும் நம்மில் பலர் நவம்பர் தேர்தலைத்தான் குறித்து வைத்துக்கொள்கிறோம். டெக்சஸில் அது கடைசிச் சுற்று. மார்ச்சில் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி, மே முதல் சனிக்கிழமை நகரமன்றமும் பள்ளி வாரியமும், மே நான்காம் செவ்வாய் அந்த பிரைமரியின் மறுசுற்றான ரன்ஆஃப், சில ஊர்களில் ஜூனில் நகரமன்ற ரன்ஆஃப், அதற்கப்புறம்தான் நவம்பர். இந்தக் குறிப்புகள் மே மாத பிரைமரி ரன்ஆஃபுக்கானவை. என் முதல் ரன்ஆஃபில் வாக்குச்சீட்டில் ரயில்ரோடு கமிஷனர், கான்ஸ்டபிள் என்றெல்லாம் பார்த்துத் திருதிருவென விழித்தேன். விளக்கிச் சொல்லத் தமிழில் ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை.

விஷயம் எளிது. பிரைமரியில் யாரும் பாதிக்கு மேல் வாக்கு வாங்காவிட்டால் முதல் இருவர் மட்டும் மறுபடி மோதுவார்கள், ஜெயித்தவர் நவம்பரில் கட்சி வேட்பாளர். ஒரே கட்சி ஓங்கியிருக்கும் தொகுதிகளில் மே மாதமே எம்.எல்.ஏ. யார் என்பது முடிவாகிவிடும். வருகிறவர்களோ சொற்பம். 2024-இல் போமோன்ட் பக்கம் உள்ள 21-ஆம் எண் மாநிலக் கீழவைத் தொகுதியில், அவைத் தலைவராகவே இருந்த டேட் ஃபீலன் மார்ச்சில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். மே ரன்ஆஃபில் 400-க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். நம் பொங்கல் விழாவுக்கு வரும் கூட்டம் அதைவிடப் பெரிது.

1. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்

மாநிலச் செயலர் அலுவலகத்தின் 'மை வோட்டர் போர்ட்டல்' பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, கவுண்டி கொடுத்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால் படிவத்தை அச்செடுத்து, கையெழுத்திட்டு, கவுண்டி வாக்காளர் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. டெக்சஸில் முழுக்க ஆன்லைனில் பதிய முடியாது. லைசென்ஸை ஆன்லைனில் புதுப்பிக்கும்போதோ முகவரி மாற்றும்போதோ சேர்த்துப் பதிவது ஒன்றுதான் விதிவிலக்கு.

கடைசி நாள் தேர்தலுக்கு 30 நாள் முன்பு. 2026 ரன்ஆஃப் மே 26. முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் கெடு ஏப்ரல் 27 திங்கள்.

இங்கே நம்மவர்கள் சிக்கும் இடங்கள்:

வீடு மாறியது. இர்விங் அபார்ட்மெண்டிலிருந்து ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கிப் போனால் நீங்கள் கவுண்டியே மாறியிருக்கிறீர்கள், புதிதாகப் பதிய வேண்டும். ஃபிரிஸ்கோவே காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டியில் கிடக்கிறது. கேட்டி மூன்று கவுண்டிகளில். ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். வீட்டு வரி ரசீதில் எந்தக் கவுண்டி என்று பாருங்கள்.

பெயர். அப்பா பெயர் கடைசிப் பெயராக, ஊர்ப் பெயர் நடுப் பெயராக, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, லைசென்ஸில் வேறு மாதிரி என்று நமக்கு இருக்கும் குழப்பம் உலகப் பிரசித்தம். அடையாள அட்டையிலும் பட்டியலிலும் பெயர் ஏறத்தாழ ஒத்திருந்தால் போதும். இனிஷியல் விட்டுப்போனது, சுருக்கியது இதெல்லாம் பரவாயில்லை. சாவடியில் ஒரு கட்டத்தில் இனிஷியல் போடச் சொல்வார்கள். ஆனால் குடியுரிமை வாங்கும்போது பெயரையே மாற்றியிருந்தால் சோஷியல் செக்யூரிட்டி, லைசென்ஸ், வாக்காளர் பதிவு மூன்றையும் இதே வரிசையில், ஒரே எழுத்துக்கூட்டலில் மாற்றிவிடுங்கள்.

குடியுரிமைப் பதிவு. லைசென்ஸ் எடுத்தபோது நீங்கள் எச்-1பி அல்லது கிரீன் கார்டு. லைசென்ஸ் தரும் துறையான டி.பி.எஸ். கணினியில் இன்னும் அப்படியே இருக்கலாம். அதை வைத்துக் கவுண்டியிலிருந்து 'குடிமகன் என்று நிரூபியுங்கள்' எனக் கடிதம் வந்தால், கெடு 30 நாள். ஜங்க் மெயில் என்று தூக்கிப் போட்டால் பெயர் நீக்கப்படும்.

இன்னும் கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: லைசென்ஸ் கவுண்டரில் 'வாக்காளராகப் பதிய வேண்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். தெரியாமல் 'ஆம்' என்று குறித்ததே பின்னால் குடியுரிமை நேர்காணலில் பூதாகரமாகும்.

2. எந்தக் கட்சியின் சீட்டு?

டெக்சஸில் கட்சி உறுப்பினராகப் பதிவது என்பது இல்லை. எந்த பிரைமரியில் ஓட்டுப் போடுகிறீர்களோ அந்தக் கட்சியின் ஆளாக அந்த வருடம் முழுக்கக் கணக்கு. மார்ச்சில் குடியரசுக் கட்சியின் சீட்டை எடுத்தவர் மே மாதம் ஜனநாயகக் கட்சியின் ரன்ஆஃபில் போட முடியாது, மறுதலையும் அப்படியே. நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். ஜனவரி பிறந்தால் கணக்குப் புதிது.

பலருக்குத் தெரியாதது: மார்ச்சில் போடாவிட்டாலும் மே ரன்ஆஃபில் போடலாம். எந்தக் கட்சி என்பதும் உங்கள் விருப்பம், ஒன்று மட்டும். இடையில் குடியுரிமை பெற்றவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

எதைத் தேர்ந்தெடுப்பது? கொள்கைப் பிடிப்பு இருப்பவர்களுக்குக் கேள்வியே இல்லை. இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் தொகுதியில் உண்மையான போட்டி எந்தச் சீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். சில வருடங்களில் ஒரு கட்சியின் ரன்ஆஃப் சீட்டில் ஏழெட்டுப் பதவிகள் இருக்கும், இன்னொன்றில் ஒன்றே ஒன்று.

யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். எந்தக் கட்சியின் சீட்டை எடுத்தீர்கள் என்பது பொது ஆவணம். அதனால்தான் ஓட்டுப் போட்ட அடுத்த வருடமும் கைப்பேசியில் குறுஞ்செய்தியாகக் கொட்டுகிறது.

3. மாதிரி வாக்குச்சீட்டை இறக்கிக்கொள்ளுங்கள்

கவுண்டி தேர்தல் துறையின் தளத்தில் உங்கள் பெயருக்கும் முகவரிக்கும் உரிய மாதிரிச் சீட்டு கிடைக்கும். முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்பே அச்செடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டை நம்பாதீர்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் வேறு தொகுதி என்பது இங்கே சர்வ சாதாரணம்.

4. ஆளைப் பார்க்கும் முன் பதவியைப் பாருங்கள்

ரன்ஆஃபில் இருவரும் ஒரே கட்சி. விளம்பரத்தில் இருவரும் ஒரே வசனம் பேசுவார்கள். எல்லை, துப்பாக்கி, கருக்கலைப்பு, டிரம்ப் என்று தேசிய விவகாரங்களே ஓடும். அந்தப் பதவிக்கு அதில் கை உண்டா என்று கேட்டுக்கொண்டாலே பாதி சத்தம் அடங்கிவிடும்.

ரயில்ரோடு கமிஷனருக்கு ரயிலோடு சம்பந்தமே இல்லை. எண்ணெய்க் கிணறு, எரிவாயு, பைப்லைன், சுரங்கம் இவைதான் அவர் வேலை. மூவர் குழு, ஆறு வருடப் பதவி. உங்கள் காலனிக்குப் பின்னால் எரிவாயுக் கிணறு தோண்ட அனுமதி கேட்டால் அவர்கள்தான்.

கவுண்டி ஜட்ஜ் பெரிய கவுண்டிகளில் வழக்கு விசாரிப்பவர் அல்ல, கவுண்டியின் நிர்வாகத் தலைவர். அவரும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்ததுதான் கமிஷனர்ஸ் கோர்ட். கவுண்டியின் வரி விகிதம், சாலை, சிறை, புயல் வெள்ளம் வந்தால் அவசர நிர்வாகம் எல்லாம் அங்கேதான். வருமான வரி இல்லாத மாநிலத்தில் வீட்டு வரிதான் நம்மைப் பிழிகிறது, அதன் ஒரு பங்கு இவர்கள் கையில்.

மாநிலச் சட்டமன்றம்: கீழவை 150 பேர், செனட் 31 பேர். ஒற்றைப்படை வருடங்களில் 140 நாள்தான் வழக்கமான கூட்டம், மாதச் சம்பளம் 600 டாலர், அதற்கு மேல் கூட்ட நாட்களுக்குப் படி. அந்தச் சம்பளத்தில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே வேட்பாளரின் உண்மையான தொழில் என்ன, யாரிடம் வேலை செய்கிறார் என்பது நியாயமான கேள்வி. பள்ளிகளுக்கு மாநிலப் பணம், வீட்டு வரியில் சொந்த வீட்டில் குடியிருப்போருக்கான விலக்கு (2023-இல் அது 1 லட்சம் டாலராக உயர்ந்தது) இவை அங்கே தொடங்குபவை.

மாநிலக் கல்வி வாரியம், 15 பேர். குழந்தைகளின் பாடத்திட்டம், பாடநூல் அங்கீகாரம். இந்திய வரலாறு பற்றி ஆறாம் வகுப்பில் என்ன வரும் என்று வாட்ஸ்அப்பில் கொதிப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகக்கூடாது.

ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய பதவி. வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றும் வழக்கு, 20,000 டாலர் வரையிலான சிறு வழக்குகள், டிராஃபிக் அபராதம் எல்லாம் இங்கேதான் வரும். அபார்ட்மெண்ட்காரன் டெபாசிட்டைத் திருப்பித் தராவிட்டால் நீங்கள் நிற்கப்போவது இவர் முன்னால். இந்தப் பதவிக்குச் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை! வெளியேற்றும் உத்தரவோடு கதவைத் தட்டுபவர் கான்ஸ்டபிள், அவரும் தேர்தலில் வருபவரே.

நகரமன்றம், பள்ளி வாரியம் இதில் இல்லை. அவை மே முதல் சனிக்கிழமை, 2026-இல் மே 2. கட்சிச் சின்னமும் கிடையாது. 'ரன்ஆஃப்' என்ற பெயரில் இரண்டையும் குழப்பி அனுப்பும் ஃபார்வர்டுகள் ஏராளம்.

5. இருவரையும் ஒப்பிடுவது

ஒரு பதவிக்கு இரண்டே பெயர். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் முழுச் சீட்டையும் முடித்துவிடலாம். நான் போகும் வரிசை இது.

முதலில் பெண் வாக்காளர் லீக் நடத்தும் 'வோட் 411' தளம். ஒரே கேள்விக்கு இருவரின் பதிலும் அருகருகே இருக்கும். பதில் அனுப்பாதவர் பெயருக்கு நேரே காலியாக இருக்கும், அதுவும் ஒரு தகவல்தான்.

அடுத்து டெக்சஸ் ட்ரிப்யூன், பிறகு உங்கள் ஊர்ப் பத்திரிகை: டாலஸ் மார்னிங் நியூஸ், ஹூஸ்டன் கிரானிக்கிள் போன்றவை. ஆசிரியர் குழுவின் பரிந்துரையில் முடிவைவிடக் காரணத்தைப் படியுங்கள். 'இவர் பட்ஜெட் கேள்விக்குத் தடுமாறினார்' என்ற ஒரு வரி, பத்து விளம்பரத்துக்குச் சமம்.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் பேச்சை விடுங்கள். சட்டமன்றத்தின் இணையதளத்தில் மசோதா வாரியாக அவர் எப்படி வாக்களித்தார் என்று இருக்கிறது. உங்களுக்கு முக்கியமான ஒரே ஒரு மசோதாவை எடுத்துப் பாருங்கள், போதும்.

பிறகு பணம். மாநிலப் பதவிகளுக்கான நன்கொடைக் கணக்கு டெக்சஸ் எத்திக்ஸ் கமிஷன் தளத்தில், கவுண்டிப் பதவிகளுக்கு கவுண்டி அலுவலகத்தில். நீதிபதிகள் தவிர மற்ற மாநிலப் பதவிகளுக்குத் தனிநபர் நன்கொடைக்கு உச்சவரம்பே இல்லை. ஒரே நபர் லட்சக்கணக்கில் கொடுத்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு நுணுக்கம்: ரன்ஆஃபுக்கு முந்தைய அறிக்கை தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு தாக்கலாகும். 2026-இல் அது மே 18, முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கும் அதே நாள். கணக்கைப் பார்த்துவிட்டுப் போட நினைப்பவர்கள் திங்கட்கிழமை காலையே ஓட வேண்டாம், புதன்கிழமை போங்கள்.

இன்னொரு நல்ல தடயம், மார்ச்சில் மூன்றாம் நான்காம் இடத்தில் தோற்றவர்கள் யாரை ஆதரிக்கிறார்கள் என்பது. இரண்டு மாதம் இருவரையும் மேடையில் எதிர்த்து நின்றவர்கள் அவர்கள்.

நம்பக்கூடாதவை: வீட்டுக்கு வரும் பளபள அட்டைகள். 'வாக்காளர் வழிகாட்டி' என்று பொதுநலம் போலத் தலைப்பிட்டிருக்கும். அடியில் பொடி எழுத்தில் யார் பணம் கொடுத்தது என்று போட்டிருப்பார்கள், அதை முதலில் படியுங்கள். சில பரிந்துரைப் பட்டியல்களில் இடம்பிடிக்க வேட்பாளரே பணம் கட்டுவதும் உண்டு.

அப்புறம், நம்ம ஊர்ப் பெயர். இந்தியப் பெயர் உள்ளவர் நின்றால் குரூப்பில் 'நம்மாளு, போட்டுடுங்க' என்று வரும். போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். எனக்கு அந்த ஒரு காரணம் போதாது. தீபாவளிக்கு வந்து குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் போகும் வேட்பாளரிடம், ஆணோ பெண்ணோ, வீட்டு வரி பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சின்னப் பதவிகளுக்கு நிற்பவர்கள் மின்னஞ்சலுக்குப் பெரும்பாலும் தாங்களே பதில் எழுதுவார்கள்.

6. நீதிபதிகள்

டெக்சஸில் நீதிபதிகளும் கட்சிச் சின்னத்தில் நிற்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ஜீரணிக்கவே கொஞ்சம் நேரமாகும். வரப்போகும் வழக்குகளில் எப்படித் தீர்ப்புச் சொல்வேன் என்று அவர்கள் வாக்குறுதி தர முடியாது. எனவே தகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

மாநில வழக்கறிஞர் அமைப்பான ஸ்டேட் பார் தளத்தில் பெயர் போட்டால் எந்த வருடம் உரிமம் பெற்றார், பகிரங்க ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்று வரும். ஹூஸ்டன், டாலஸ் வழக்கறிஞர் சங்கங்கள் உறுப்பினர்களிடையே கருத்துக்கணிப்பு நடத்துகின்றன. அன்றாடம் அந்தக் கோர்ட்டில் நிற்பவர்களின் கருத்து அது. குடும்ப நீதிமன்றத்துக்கு நிற்பவர் குடும்ப வழக்கு நடத்தியவரா, கிரிமினல் கோர்ட்டுக்கு நிற்பவர் ஒரு விசாரணையாவது முழுதாக நடத்தியிருக்கிறாரா என்று பாருங்கள். ஒன்றுமே பிடிபடவில்லையென்றால் அந்த வரியைக் காலியாக விடலாம். மற்ற ஓட்டுகள் செல்லும்.

7. கையில் என்ன கொண்டுபோவது

டெக்சஸ் லைசென்ஸ், டி.பி.எஸ். தரும் அடையாள அட்டை, அமெரிக்க பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய குடியுரிமைச் சான்றிதழ், ராணுவ அட்டை, துப்பாக்கி உரிமம், தேர்தலுக்கென இலவசமாகத் தரும் அட்டை ஆகிய ஏழில் ஒன்று போதும். காலாவதியாகி நான்கு வருடம் வரை செல்லும். 70 வயது நிறைந்தவர்களுக்கு அந்த வரம்பும் இல்லை. அட்டையில் பழைய முகவரி இருந்தாலும் பாதகமில்லை.

குடியுரிமைச் சான்றிதழின் அசலைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். தொலைந்தால் மாற்றுச் சான்றிதழுக்கு ஆன்லைனில் 505 டாலர், காகிதத்தில் 555. பாஸ்போர்ட் கார்டு 30 டாலர்தான், முதல்முறை என்றால் அலுவலகக் கட்டணம் 35 தனி. லைசென்ஸ் 33 டாலர். ஓட்டுப் போடுவதற்கு எந்தக் கட்டணமும் இல்லை.

ஏழில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் திரும்பி வராதீர்கள். ஏன் பெற முடியவில்லை என்று ஒரு படிவம் நிரப்பி, கரண்ட் பில் அல்லது பேங்க் ஸ்டேட்மெண்ட் காட்டிப் போடலாம்.

8. என்றைக்குப் போவது

2026-இல் முன்கூட்டிய வாக்குப்பதிவு மே 18 திங்கள் முதல் 22 வெள்ளி வரை, ஐந்தே நாள். சனி ஞாயிறு கிடையாது. மெமோரியல் டே மே 25, தேர்தல் மறுநாள். நீண்ட விடுமுறைக்கு ஊர் சுற்றப் போய்விட்டு செவ்வாய் காலை அலுவலக மின்னஞ்சலில் மூழ்கித் தேர்தலை மறப்பதற்கென்றே வைத்த தேதி மாதிரி இருக்கும். முன்கூட்டிய வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

அதற்கு இன்னொரு காரணம்: அந்த வாரம் உங்கள் கவுண்டியில் எந்த மையத்திலும் போடலாம். தேர்தல் நாளில் கவுண்டிக்குக் கவுண்டி, சில சமயம் கட்சிக்குக் கட்சி, ஏற்பாடு மாறும். மார்ச்சில் போட்ட அதே நூலகம் மே மாதம் திறந்திருக்கும் என்றும் இல்லை. ரன்ஆஃபில் மையங்களைக் குறைப்பார்கள். தேர்தல் நாள் நேரம் காலை 7 முதல் மாலை 7. ஏழு மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் போட விட வேண்டும்.

9. சாவடிக்குள்

கைப்பேசியை உள்ளே பயன்படுத்த முடியாது. தேர்வுகளைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள், அதற்குத் தடை இல்லை. சீட்டில் இருக்கும் வேட்பாளர் பெயரோ கட்சியோ பொறித்த சட்டை, தொப்பி 100 அடிக்குள் கூடாது.

மேஜையில் 'எந்தக் கட்சி' என்று கேட்பார்கள், கூச்சப்பட வேண்டாம், இது எல்லோரிடமும் கேட்பது. சீட்டு வந்ததும் மேலே கட்சிப் பெயர் சரியா என்று பாருங்கள். மாறியிருந்தால் குறியிடும் முன்பே சொல்லுங்கள், எண்ணும் இயந்திரத்தில் போட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மா அப்பாவுக்கு நீங்கள் உதவலாம். அதிகாரி முன் உறுதிமொழி எடுத்து, படிவத்தில் உங்கள் விவரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். உதவுபவர் அதே கவுண்டி வாக்காளராக இருக்க வேண்டும் என்று யாராவது தடுத்தால் மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். 2014-இல் வில்லியம்சன் கவுண்டியில் ஒரு வங்காளி அம்மாவுக்கு மகன் மொழிபெயர்க்க முயன்றபோது இதே காரணம் சொல்லித் தடுத்தார்கள். அந்த விதி கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரண் என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாக்காளரின் முதலாளியோ அவருடைய பிரதிநிதியோ, வாக்காளரின் தொழிற்சங்க நிர்வாகியோ பிரதிநிதியோ மட்டும் உதவக்கூடாது.

10. தபால் ஓட்டு

65 வயதானவர்கள், உடல்நலம் சரியில்லாதவர்கள், பிரசவ தேதி நெருங்கியவர்கள், முன்கூட்டிய நாட்களிலும் தேர்தல் நாளிலும் கவுண்டியில் இல்லாதவர்கள் கேட்கலாம். விண்ணப்பம் 2026 மே 15-க்குள் அலுவலகத்தின் கைக்குப் போயிருக்க வேண்டும், தபால் முத்திரைத் தேதி செல்லாது. கோடை விடுமுறைக்குச் சென்னை கிளம்புகிறவர்கள் விமானம் மே 18-க்குப் பிறகு என்றால் நேரில் போட்டுவிட்டே ஏறுங்கள். சென்னையில் இருப்பதைக் காரணம் காட்டித் தபால் ஓட்டுக் கேட்டால் சீட்டை கவுண்டிக்கு வெளியே உள்ள முகவரிக்குத்தான் அனுப்புவார்கள், நம் தபால்காரர் கைக்கு வந்து திரும்பிப் போவதற்குள் தேர்தல் முடிந்துவிடும்.

பெற்றோருக்கு வருடம் முழுக்கப் போதுமான ஒரே விண்ணப்பம் உண்டு. அதில் எந்தக் கட்சியின் பிரைமரி என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டால் பிரைமரிச் சீட்டும் வராது, ரன்ஆஃப் சீட்டும் வராது. வந்த சீட்டைத் திருப்பி அனுப்பும்போது உறையின் மடிப்புக்குக் கீழே லைசென்ஸ் எண்ணோ சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு இலக்கமோ எழுத வேண்டும். இந்த விதி வந்த புதிதில், 2022 மார்ச் பிரைமரியில், தபால் ஓட்டுகளில் சுமார் 12 சதவீதம் தள்ளுபடியானது. இரண்டு எண்ணையும் எழுதிவிடுவது பத்திரம். மாநிலச் செயலர் தளத்தில் சீட்டின் நிலையைப் பார்க்கலாம், குறை இருந்தால் தேர்தல் முடிந்து ஆறு நாளுக்குள் சரிசெய்யலாம்.